மாருதி 800: பெட்ரோல் பங்கில் கேட்கப்படும் கேள்விகள்

அப்பா 1996இல் வாங்கிய வெள்ளை மாருதி 800ஐ இன்றும் திருச்சியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டப வாசல் என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து பானெட் மேல் கை வைத்துவிடுவார். பிறகு கேள்விகள் ஆரம்பமாகும். பதினைந்து ஆண்டுகளாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றை இங்கே கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நிறைய பார்த்தவன், அவ்வளவுதான்.

மாருதி 800 என்றால் எது? பெட்டி மாதிரி இருக்குமே அதுவா, மூக்கு உருண்டையாக இருக்குமே அதுவா?

பெயர் ஒன்று, உடல் இரண்டு. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்தாரே, அது எஸ்.எஸ்.80 என்ற முதல் உடல். நல்ல பெட்டி வடிவம். 1986இல் இரண்டாவது உடல் வந்தது. 2014 ஜனவரியில் குருகிராம் ஆலை உற்பத்தியை நிறுத்தும்வரை அடிப்படையில் அதுவேதான் ஓடியது. இடையில் 1997இல் மூக்கையும் விளக்கையும் கொஞ்சம் உருட்டினார்கள். 2000ஐ ஒட்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது.

எல்லாவற்றிலும் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். இந்தப் பக்கத்தில் ‘பழைய வண்டி’ என்று நான் சொல்லும் இடமெல்லாம் 1986க்கும் 2000க்கும் இடைப்பட்ட கார்புரேட்டர் வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பதும் அதுதான், எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? பவர் ஸ்டியரிங் கூடக் கிடையாதே?

கிடையாது. பவர் விண்டோவும் கிடையாது, சென்சாரும் கிடையாது. என் வண்டியில் ஏசியும் இல்லை. மொத்த எடையே சுமார் 650 கிலோ. பவர் ஸ்டியரிங் எதற்கு? நீளம் மூன்றேகால் மீட்டரை விடச் சற்று அதிகம். பெரிய கடைவீதியில் தீபாவளி நேரத்தில் இரண்டு பைக்குகளுக்கு நடுவே செருகி நிறுத்தியிருக்கிறேன்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றித் தரை தெரியும். ஸ்பேனர் கீழே விழுந்தால் நேராகத் தரைக்கே போய்விடும், இடையில் எங்கும் சிக்காது. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மார்கழிக் காலையில் சோக் பிடியை (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தருவது) முழுதாக இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். மூன்று சிலிண்டர் என்பதால் கியர் கம்பி நடுங்கும். அரை நிமிடம் கழித்துச் சோக்கைப் பாதி உள்ளே தள்ளும்போது சத்தம் இறங்கும் பாருங்கள், அதைக் கேட்டே அன்றைக்கு இன்ஜினின் உடல்நிலை எப்படி என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1983க்கு முன் கார் என்றால் பெரும்பாலும் அம்பாசடர் அல்லது பத்மினி. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாருதி முன்பதிவைத் திறந்தபோது 10,000 ரூபாய் கட்டி ஒரு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். சம்பளக்காரர் வீட்டு வாசலில் முதன்முதலாக நின்ற கார் பல ஊர்களில் இதுதான். அதனால்தான் பானெட்டில் கை வைப்பவர் முதலில் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. “எங்கள் மாமா ஒன்று வைத்திருந்தார்” என்றுதான் தொடங்குவார்.

அந்தக் காலத்து வண்டிதான் உறுதி, இப்போது வருவதெல்லாம் தகரம். சரிதானே?

தலையாட்டிவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் சரியில்லை. மாருதி 800இன் தகரம் மெல்லியது. கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின் மூடுவது போலத்தான் கேட்கும். துருத் தடுப்பில் இன்றைய வண்டிகள் எவ்வளவோ மேல்.

இந்தியாவில் மட்டும் 26 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி இது. அதில் பெரும்பகுதி காயலான் கடைக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் நல்ல வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு ‘அந்தக் காலத்து வண்டி அழியவே அழியாது’ என்கிறோம். அழிந்தவை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பழுதானால் சரிசெய்துவிடலாம். கிளட்ச் வேலை செய்வது ஒரு கேபிளில். அறுந்தால் கேபிளை மாற்று. பெட்ரோல் வரவில்லையா, பம்பைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை, அதாவது டயாபிரத்தைப் பார். எந்த ஊர்ச் சாலையோர மெக்கானிக்கும் கம்ப்யூட்டரை மாட்டாமல் பார்த்துவிடும் வண்டி. உறுதியான வண்டி என்பதைவிட, விட்டுக்கொடுத்துப் போகும் வண்டி என்பேன்.

ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இன்ஜினில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இன்ஜினைப் பார்க்காதீர்கள். எங்கள் பாலக்கரை மெக்கானிக் பாய் வண்டி பார்க்க வந்தால் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே குனிந்துவிடுவார். இன்ஜின் கெட்டால் இன்னொன்று கிடைக்கும். தரை ஓட்டையானால் மாற்றுத் தரை கிடைக்காது என்பது அவர் கணக்கு. இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் சட்டகம் கிடையாது, உடல்தான் சட்டகம். உடலில் துரு என்றால் எலும்பில் துரு.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஒரு டார்ச், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்தம், ஒரு மெல்லிய துணி. காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்து பேட்டரி உட்காரும் தட்டு. ஆசிட் வழிந்து அரித்த இடம் அங்கேதான் தொடங்கும். பிறகு முன்பக்க ஷாக் அப்சர்பர் மேலே போல்ட் போட்டிருக்கும் வட்டமான இடம். அங்கே வெடிப்போ வெல்டிங் ஒட்டோ தெரிந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள். கடைசியாக முன் காலடியில் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில்.

இன்ஜினுக்கு மூன்றே சோதனைகள். வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான் போக வேண்டும். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் டீ நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். இதன் ஹெட் அலுமினியம், தண்ணீர் குறைந்த நிலையில் ஓட்டினால் வளைந்துவிடும். இரண்டாவது, ஸ்டார்ட் செய்து நீலப் புகை வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடித்து ஓட்டுவது. முன் சக்கரத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அது பெரிய குற்றமில்லை, விலையைக் குறைக்க உதவும்.

“சிங்கிள் ஓனர், ரிட்டயர்டு டாக்டர் ஓட்டியது, 38,000 கிலோமீட்டர்தான்” என்கிறார்கள். நம்பலாமா?

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் மாருதி 800 எல்லாம் டாக்டர்கள் ஓட்டியவை என்றால் நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

மீட்டரைத் திருப்பலாம், பெடல் ரப்பரைத் திருப்ப முடியாது. 38,000 கிலோமீட்டரில் கிளட்ச் பெடலின் வரிகள் மழுங்கியிருக்காது, ஸ்டியரிங் வழவழப்பாகியிருக்காது. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பழைய சர்வீஸ் பில், இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் இன்னும் ஏதாவது வங்கியின் பெயர் இருந்தால், 1998இலேயே அடைத்த கடனாக இருந்தாலும், அதை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: மிகக் குறைவாக ஓடியது என்பது நல்ல செய்தியே என்று எண்ண வேண்டாம். ஏன் என்பது கீழே, ‘மாதம் ஒருமுறை’ கேள்வியில்.

என்ன விலை கொடுக்கலாம்?

எண் சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுகிறது. வண்டியின் விலையோடு முதல் ஆறு மாதச் செலவையும் கூட்டிப் பாருங்கள்: நான்கு டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், எல்லா ரப்பர் ஹோஸ்களும், பிரேக். இவற்றை எப்போது மாற்றினார்கள் என்று விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் நீங்கள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். துரு இல்லாத வண்டிக்குக் கூடக் கொடுப்பது லாபம். துருப்பிடித்ததை இலவசமாக வாங்குவதே நஷ்டம்.

உதிரி பாகம் கிடைக்கிறதா? கம்பெனியே நிறுத்திவிட்டதே?

ஓடுவதற்கு வேண்டியது ஏறக்குறைய எல்லாம் கிடைக்கிறது. இதே இன்ஜின் குடும்பம்தான் ஆம்னி வேனிலும் இருந்தது. ஆம்னி 2019வரை உற்பத்தியானது. அதனால் பிளக், பெல்ட், கேஸ்கெட், வாட்டர் பம்ப், கிளட்ச் தட்டு எல்லாம் மாவட்டத் தலைநகரில் ஒரு கடையிலாவது இருக்கும். 12 அங்குல டயர் சொல்லி வைத்தால் வரும்.

கிடைக்காதவை சில்லறைச் சாமான்கள்: கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங், உடையாத டேஷ்போர்டு, பின் விளக்கின் கண்ணாடி, கதவின் உள்பக்கப் பிடி. இவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைதான். அங்கே போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். “1996 மாடல்” என்று வாயால் சொன்னால் 2006இன் பாகம் கைக்கு வரும்; பிரித்த வண்டிகளின் குவியலுக்குள் ஆண்டைப் பார்ப்பவர் யார்? முதல் உடலான எஸ்.எஸ்.80க்கு என்றால் நிலைமை வேறு. அதை வாங்குபவர் பாகத்துக்காக இன்னொரு எஸ்.எஸ்.80ஐயும் சேர்த்து வாங்குவதே நல்லது.

15 வருடம் ஆன வண்டியை ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாமே? உங்கள் வண்டி எப்படி ஓடுகிறது?

அது டெல்லிச் செய்தி. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியிலும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் அங்கே அந்த விவகாரம் நீதிமன்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார்களுக்கு அப்படி வயதுத் தடை இல்லை.

இங்கே நடைமுறை இதுதான்: புதிய காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 25ஆம் எண் படிவம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டுதல். என் வண்டி 2011, 2016, 2021 என மூன்று முறை தேர்வெழுதித் தேறிவிட்டது. கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்று மாற்றினார்கள். அரசு தடை போடவில்லை, முகத்தைச் சுளிக்கிறது.

அப்படியென்றால் விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் தொல்லை இருக்காதே?

இதைக் கேட்டவர் ஒரு வழக்கறிஞர், எனக்கு வியப்பாக இருந்தது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். டெல்லியில் கொடுத்த முதல் மாருதி 800க்கே 2033 டிசம்பரில்தான் அந்தத் தகுதி வரும். என் வண்டிக்கு 2046.

தகுதி வந்த பிறகும் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாத கார் எனக்கு எதற்கு?

இப்போது வரும் எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியை அரித்துவிடும் என்கிறார்களே?

பயத்தில் பாதி நியாயம். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி வடிவமைக்கப்பட்டபோது அப்படி ஒன்று இல்லை. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம்வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியது ரப்பரும் டேங்கும். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவை ஊறி இளகும். இன்றைய பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸாக ஒருமுறை மாற்றிவிட்டால் அந்தக் கவலை குறையும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியின் அரை டேங்கில் அந்த ஈரம் சேர்ந்து துருவாகி, பிறகு கார்புரேட்டரின் துளையில் வந்து அடைக்கும். என் வண்டி ஒருமுறை தஞ்சாவூர்ச் சாலையில் மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றது. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றித் தட்டியதில் காப்பித்தூள் மாதிரி கொட்டியது. மேலே ஹோஸ் செலவைச் சொன்னேனே, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை அப்பா ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் வைத்திருக்கிறார். போதும்தானே?

அதைவிட ஸ்டார்ட் செய்யாமலே இருக்கலாம். பத்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடாகாது. எரிந்ததால் உண்டான நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பிரேக் நகராது, டயர் ஒரே இடத்தில் அமுங்கி நிற்கும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவதுதான் ஸ்டார்ட் செய்வது. முடியாது என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். எலி வயரைக் கடிக்காமல் இருக்கத்தான் எனக்கு இன்றுவரை உறுதியான வழி தெரியவில்லை. புகையிலை, நாப்தலீன், கற்பூரம் எல்லாம் வைத்தாயிற்று. எங்கள் வீட்டு எலி எதற்கும் அசரவில்லை.

என் அப்பாவும் வண்டியைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். இருக்கைகளுக்குக் கம்பெனியில் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையை 2007வரை பிரிக்கவில்லை. காலடியில் அழுக்குப் படக் கூடாது என்று கம்பளத்துக்கு மேல் முழுத் தரைக்கும் ரெக்சின் விரித்து ஓரத்தில் ஒட்டியிருந்தார். இருக்கைத் துணி இன்றும் புதிது. ஆனால் கதவு ரப்பர் வழியாகக் கசிந்த மழைத் தண்ணீர் ரெக்சினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே பார்த்தால் பளபளப்பு. 2012இல் விரிப்பைப் பிரித்தபோது கம்பளம் ஊறிய அவல் மாதிரி இருந்தது, அதற்கு அடியில் தரை வழியாக பாயின் பட்டறை சிமெண்ட் தெரிந்தது. டிரைவர் பக்கம் ஒரு பேப்பர் அளவுக்குத் தகரம் வெட்டிப் புதிதாக வைத்தோம். அப்பா அன்று பட்டறைக்கு வந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என் வண்டியில் ரெக்சின் இல்லை. சாதா மிதியடி. மழை பெய்த மறுநாள் வெயிலில் நிறுத்தி நான்கு கதவுகளையும் திறந்துவைத்துவிடுகிறேன். வண்டியை மூடும் உறையும் அப்படித்தான்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைவிடக் கொட்டகையின் நிழல் மேல்.

பெயிண்ட் மங்கியிருக்கிறதே. முழுக்க ரீஸ்டோர் செய்துவிட்டால் அழகாக இருக்காதா?

இருக்கும். ஆனால் புதிய பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் எத்தனை பேர் பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டி, துருவை எடுத்து அடிக்கிறார்கள்? மேலே காந்தம் வழுக்கும் இடங்களைச் சொன்னேனே, அவற்றில் பலவும் ‘ரீஸ்டோர்’ செய்தபோது உண்டானவை. கம்பெனி அடித்த பெயிண்ட் மங்கலாக இருந்தாலும் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். அது ஒருமுறைதான் இருக்க முடியும். பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பாதி மங்கல் போய்விடும்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. ஹர்பால் சிங்கின் அந்த முதல் வண்டி அவர் காலத்துக்குப் பிறகு வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்றது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு மாருதி தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அப்படியே விட்டிருந்தால் இன்று வண்டி இருந்திருக்காது. என் கணக்கு எளிது: துரு பரவுகிறது என்றால் வெட்டி ஒட்டிப் பூசு, மங்கல் மட்டும்தான் என்றால் விட்டுவிடு. அலாய் சக்கரம், சிவப்புத் தையல் போட்ட சீட் கவர், நீல விளக்கு பற்றி என்னிடம் கருத்து கேட்காதீர்கள்.

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகலாமா?

நான் போவதில்லை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, மோதலைத் தாங்கும் அமைப்பு இன்றைய அளவில் இல்லை. இதைவிடப் புதிய ஆல்டோ 800ஐயே 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதவிட்டுப் பார்த்துப் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. ஊருக்குள் நாற்பதில் ஓட்டும் வண்டி இது. மணிக்கு நூறில் லாரிகளும் பஸ்களும் பறக்கும் சாலையில் 650 கிலோ தகரத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகத் துணிவில்லை. வண்டி மீது எனக்குள்ள ஆசையை அவர்கள் மேல் சுமத்துவானேன்? ஊருக்குள்ளும் முன் இருக்கையில் பெல்ட் போடாமல் என் வண்டி நகராது.

அம்பாசடர், பத்மினியெல்லாம் கார் இல்லையா? எங்கள் தாத்தாவின் ஹெரால்டு முன்னால் உங்கள் மாருதி எம்மாத்திரம்?

எம்மாத்திரமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையில் உற்பத்தியான கார், 1961 முதல் பத்தாண்டு. அதற்குத் தனிச் சட்டகம் உண்டு, உடலைப் பகுதி பகுதியாகக் கழற்றலாம். பானெட், மட்கார்டு எல்லாம் சேர்த்து முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும். உள்ளே இறங்கி டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். அழகில் இந்தியச் சிறிய கார்களில் அதற்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஹெரால்டை வைத்திருப்பது ஒரு முழுநேர வேலை. மாருதி 800ஐ வைத்துக்கொண்டு வேறு வேலைக்கும் போகலாம்.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40 இன்னும் வாடகைக்கு ஓடுகிறது. முப்பது வயது வண்டிக்கே இவ்வளவு பேச்சா?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் கேட்டது. பதில் சொல்ல முடியாமல் சிரித்தேன். அங்கே ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் தப்பிப் பிழைத்ததில் ஆசையைவிட அவசியத்துக்குப் பங்கு அதிகம். போர்க் காலத்தில் புதிய வண்டியும் வரவில்லை, உதிரி பாகமும் வரவில்லை, பெட்ரோலும் வரவில்லை. கொஞ்சம் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் (கம்ப்ரஷன்) குறைந்த அந்தப் பழைய இன்ஜின்கள் அதையும் குடித்துவிட்டுப் புகையோடு ஓடின. கம்ப்யூட்டர் வைத்த எந்த வண்டியிலும் அது நடந்திருக்காது.

இலங்கைச் சாலைகளில் மாருதி 800ம் நிறைய உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இங்கே காயலான் கடைக்குப் போகும் வண்டிக்கு அங்கே நல்ல விலை கிடைத்தது. எளிய வண்டியின் அருமையை அறிந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் பங்கில் நின்று பேசுபவர்கள்.

அப்பா காலமாகிவிட்டார். அவருடைய 800 வாசலில் நிற்கிறது. விற்க மனமில்லை, ஓட்ட ஆளில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பெரும்பாலும் தயங்கித் தயங்கி. முதலில் தாள் வேலை. உரிமையாளர் இறந்ததை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். காலம் கடந்துவிட்டாலும் போய்க் கேளுங்கள், அபராதத்தோடு முடியலாம். பெயர் மாற்றாத வண்டியை விற்கவும் முடியாது, ஓட்டினால் இன்சூரன்ஸ் சிக்கலும் வரும்.

அடுத்தது, ஒரு மழைக்காலத்துக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருக்காதீர்கள். ஐப்பசி வந்தால் வண்டி காத்திருக்காது. ஓட்டப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன ஆறு மாதச் செலவைச் செய்துவிட்டு வாரம் இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். கொடுக்கப் போகிறீர்கள் என்றால், விலை கொஞ்சம் குறைந்தாலும் கொட்டகை உள்ளவருக்கும் ஓட்டிப் பார்த்ததும் முகம் மலர்பவருக்கும் கொடுங்கள். பாகத்துக்காகப் பிரிப்பவர்களும் வருவார்கள்; அவர்கள் விலை பேசும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

கொடுப்பதற்கு முன் டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கை விட்டுப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடம், துரு பார்க்கத்தான் சொல்கிறேன். ஆனால் அப்பாக்கள் எதையாவது பத்திரப்படுத்தும் இடமும் அதுதான் போலிருக்கிறது. எனக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் 2003ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் ரசீது, சமயபுரம் விபூதிப் பொட்டலம், ஒரு கிளட்ச் கேபிள் ஆகியவை கிடைத்தன. கேபிள் புதிது, இப்போது வண்டியில் இருப்பது அதுதான்.